பையோடு கதையும் வரவேண்டும்

லாச்சப்பலில் ஒவ்வொரு கிழமையும் புதுக் கடதாசி பிறக்கிறது. கடைக் கண்ணாடியில் ஒரு மரண அறிவித்தல், அதன் பக்கத்தில் அறை வாடகைக்கு என்ற கையெழுத்துத் துண்டு, கீழே தமிழ்ச்சோலைக்குப் புதிய மாணவர் சேர்ப்பு, மூலையில் ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடல். அடுத்த கிழமை அவற்றின் மேல் வேறு கடதாசி ஒட்டப்படும். நாற்பது ஆண்டுகளாக இப்படி ஒட்டியும் கிழித்தும் வந்த ஒரு சமூகம் தன் வரலாற்றை எழுத உட்காரும்போது கையில் என்ன மிஞ்சியிருக்கும்? இந்தக் கேள்விதான் என்னை இந்த வேலைக்குள் இழுத்தது. நண்பர்கள் சிலருடன் சேர்ந்து பாரிஸ் தமிழரின் கடிதங்கள், சஞ்சிகைகள், படங்கள், ஒலிநாடாக்களைத் தேடிச் சேர்த்துப் பட்டியலிட்டுப் பாதுகாத்து வருகிறேன். இதற்குச் சம்பளம் இல்லை. ஆனாலும் ஒரு தொழிலுக்குரிய ஒழுங்கு இதற்கு உண்டு. அந்த ஒழுங்கைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பாரிஸ் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால், போபூர் சென் தெனி வீதியின் மேற்பகுதியும் அதை ஒட்டிய காய் வீதி, பெர்தொனே வீதி, லூயி பிளாங் வீதிகளும் சேர்ந்ததுதான் எங்கள் ஆட்கள் சொல்லும் லாச்சப்பல். இங்கே தமிழ்க் கடைகள் நெருங்கி நிற்கின்றன. ஆனால் தமிழர் பெரும்பாலும் குடியிருப்பது சார்செல், லா கூர்நெவ், போபினி போன்ற புறநகர்களில். மரக்கறிக்கும் நகைக்கும் சேலைக்கும், ஆளை ஆள் சந்திக்கவும் ரயிலேறி இங்கே வருவார்கள். அதனால் எங்கள் வேலையும் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. துண்டுப்பிரசுரமும் பத்திரிகையும் லாச்சப்பலில் கிடைக்கும். கடிதமும் படமும் புறநகர் அடுக்குமாடிகளின் அலுமாரிக்கு மேலும், கட்டடத்துக்கு அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய நிலவறையிலும் கிடக்கும். அந்த நிலவறைகளில் ஈரம் அதிகம். பிள்ளைகள் வளர வளர வீட்டுக்குள் இடம் போதாமல் போகும். முதலில் கீழே இறங்குவது இந்தப் பைகள்தான்.

பாரிஸ் தமிழர் கதையை, இலங்கையில் தமிழருக்கு எதிரான இனக்கலவரம் நடந்த 1983 யூலையிலிருந்து தொடங்குவது எங்களுக்குப் பழகிப்போனது. சேகரத்துக்கு அந்தத் தொடக்கம் போதாது. புதுச்சேரியும் காரைக்காலும் 1954 இல் இந்தியாவின் கைக்கு மாறி, அதற்கான ஒப்பந்தம் 1962 இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்தெடுத்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வந்தன. அவர்களின் பெட்டிக்குள் பிரெஞ்சு இராணுவச் சேவைப் புத்தகமும், புதுச்சேரிப் பதிவேட்டிலிருந்து எடுத்த பிறப்புச் சான்றும் இருக்கும். இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்களின் பெட்டி வேறு மாதிரி. மொஸ்கோ வழியாகவும் கிழக்கு பேர்லின் வழியாகவும் வந்தவர்களில் பலரிடம் ஊர்ப் பத்திரம் ஒன்றும் மிஞ்சவில்லை. முகப்படத்தோடு அவர்களிடம் உள்ள மிகப் பழைய கடதாசி, அகதி விண்ணப்பத்துக்குப் பிரான்ஸ் கொடுத்த தற்காலிகப் பற்றுச்சீட்டாகவே இருக்கும். இரண்டு பெட்டிகளும் ஒரே சேகரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் தமிழர் இந்த நகருக்கு எத்தனை வாசல் வழியாக வந்தார்கள் என்பது விளங்கும்.

எங்களிடம் வருவனவற்றில் முதலிடம் சஞ்சிகைகளுக்கு. எண்பதுகளில் தமிழ்த் தட்டச்சு கிடைக்காதவர்கள் கையால் எழுதிப் பிரதியெடுத்து ஊசி அடித்து விற்றார்கள். பிறகு ஓசை, சமர், அம்மா, எக்ஸில் என்று பாரிஸிலிருந்து சஞ்சிகைகள் வந்தன. ஈழமுரசு வாரப் பத்திரிகையாக வந்தது. 1988 இல் ஜேர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு நாடு நாடாக நடந்தபோது அதையொட்டிய அழைப்பிதழும் அறிக்கையும் வெளிவந்தன. இவற்றை நடத்தியவர்கள் பகலில் உணவகத்தில் பாத்திரம் கழுவி, இரவில் பக்கம் கட்டியவர்கள். பல சஞ்சிகைகள் சில இதழ்களோடு நின்றன. நின்றுபோனதற்கு அஞ்சலி எழுதுவோர் இல்லை என்பதால், இறுதி இதழ் எது என்பதையே நாங்கள் ஆட்களைக் கேட்டுத்தான் உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, வெளியார் கண்ணுக்குப் படாத ஒரு செல்வம்: கல்வெட்டு. யாழ்ப்பாணத்து வழக்கப்படி ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கொடுக்கும் நினைவு மலரைத்தான் அப்படிச் சொல்கிறோம். முன்பக்கத்தில் படம், உள்ளே தேவாரம், திதி வெண்பா, வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். இதை அச்சிடாத குடும்பம் குறைவு. கவனமாக வைத்திருக்கும் வீடோ அதைவிடக் குறைவு. ஆனால் ஒரு வரலாற்றுக்காரனுக்கு இதில் எவ்வளவு இருக்கிறது! எந்த ஊரில் பிறந்தார், எங்கே படித்தார், எந்த ஆண்டு எந்த இடப்பெயர்வில் வீடு விட்டார், எந்தப் பிள்ளை எந்த நாட்டில், மருமக்கள் எந்த ஊர். ஒரே ஊரின் கல்வெட்டுகளைக் காலவரிசையில் அடுக்கினால், அந்த ஊர் உலகம் முழுக்கச் சிதறிய வழி தெரியும்.

இவற்றுக்கு அப்பால் சாமத்திய வீட்டு வீடியோக்கள், ஊரிலிருந்து அம்மா பேசி அனுப்பிய ஒலிநாடா, பழைய மாணவர் சங்க மலர், கடைகள் கொடுத்த நாட்காட்டி, கோயில் விஞ்ஞாபனம். பாரிஸ் மாணிக்க விநாயகர் ஆலயம் 1985 இல் தொடங்கியது. ஆவணியில் அதன் தேர் இந்த வீதிகளில் இழுக்கப்படும் நாளில், தண்ணீர்ப்பந்தல்காரர் கொடுக்கும் துண்டிலிருந்து மாநகரசபை ஒட்டும் வீதி அடைப்பு அறிவித்தல் வரை ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்து, அன்றைக்கே திகதி எழுதி வைப்போம். அச்சிட்டவர் நாளும் கிழமையும் போட்டிருப்பார். ஆண்டைப் போட மறந்திருப்பார். அதை எழுதுவது எங்கள் பொறுப்பு.

இனி வீட்டுப் பைக்கு வருகிறேன். ஓய்வுபெறும் வயதை எட்டிய ஒரு அக்கா ஒருமுறை சமையலறை மேசையில் ஒரு பொலித்தீன் பையை வைத்தார்.

“தம்பி, உது குப்பை. எறியிறதுக்குத்தான் கட்டி வச்சனான். பிள்ளையளுக்கு உது வாசிக்கத் தெரியாது.”

“எறியாதேங்கோ அக்கா. முதல்லை இருந்து ஒவ்வொண்டாய்ப் பாப்பம்.”

உள்ளே நீல விமானக் கடிதங்கள், அறை எடுத்த ரசீது, வேலை கொடுத்தவர் தந்த சம்பளத் துண்டுகள், ஒரு சீட்டுக் கணக்குக் கொப்பி, பாதி எரிந்த மெழுகுதிரி. மெழுகுதிரியை நான் கையில் எடுத்ததும் அவர் பேசத் தொடங்கினார். ஒரே அறையில் ஆறு பெண்கள் இருந்த காலம், மின்சாரம் வெட்டப்பட்ட குளிர்கால இரவு, அந்த வெளிச்சத்தில் எழுதிய கடிதம். ஊருக்குப் போன அந்தக் கடிதம் அம்மாவின் காலத்துக்குப் பிறகு திரும்ப அவரிடமே வந்து சேர்ந்து, இப்போது அதே பையில் இருந்தது. மெழுகுதிரி இல்லாமல் கடிதத்தைப் படித்தால் கையெழுத்து ஏன் அப்படி நடுங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. அவர் சொல்லாமல் மெழுகுதிரியைப் பார்த்தால் அது வெறும் மெழுகு.

இதற்காகவே பிரான்ஸ் ஒரு நல்ல விதியைத் தந்திருக்கிறது. 1841 இல் உள்நாட்டு அமைச்சு மாவட்ட ஆவணக்காப்பகங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், நத்தாலிஸ் தெ வாய்யி என்ற ஆவணக்காப்பாளர் ஓர் ஒழுங்கை வகுத்தார். ஒரு நிறுவனத்திடமிருந்தோ குடும்பத்திடமிருந்தோ ஆளிடமிருந்தோ வந்த கடதாசிகள் ஒன்றாகவே இருக்கவேண்டும். மற்றவர் கடதாசியோடு கலக்கக்கூடாது. உலகம் முழுக்க ஆவணக்காப்பகங்கள் இன்றைக்கும் இந்த வழியில்தான் நடக்கின்றன. புதிதாக எங்களோடு சேரும் பிள்ளைகள் முதலில் விரும்புவது கடிதத்தைக் கடிதத்தோடும் படத்தைப் படத்தோடும் சேர்த்து அடுக்கத்தான். பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் அப்படி அடுக்கினால் அந்த அக்கா இல்லாமல் போய்விடுவார். அவர் பை அவர் பெயரில் ஒரு பெட்டியாகவே இருக்கும். பொருள்வாரித் தேடலைப் பட்டியல் பார்த்துக்கொள்ளட்டும்.

அதனால் நாங்கள் முதல் நாளில் எதையும் எடுத்துவருவதில்லை. இருந்து கேட்போம். சம்மதித்தால் ஒலிப்பதிவு செய்வோம். “உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ” என்று கேட்டால் எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள். “வந்து முதல் படுத்த அறை எந்த வீதியிலை? வாடகையை ஆர் சேர்த்தது? சமையல் ஆர்? ஊருக்கு ரெலிபோன் எடுக்க எங்கை போனனீங்கள்?” என்று கேட்டால் அவரவர் கதை வரும். படத்தில் இருப்பவர்களை இடமிருந்து வலமாகக் கேட்டு எழுதுவோம். ஒட்டும் தாள் போட்ட அல்பமென்றால், படத்தைக் கழற்றுமுன் பக்கத்தை முழுதாகப் படமெடுத்துக்கொள்வோம். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எதை வைத்தார்கள் என்பதும் ஒரு செய்திதான். இதெல்லாம் முடிந்த பிறகே உரிமைப் பத்திரம் மேசைக்கு வரும்.

அந்தப் பத்திரத்தை நாங்கள் இரண்டு மொழியிலும் எழுதி, வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்குகிறோம். பொருளைத் தருகிறாரா, பிரதி எடுக்க மட்டும் விடுகிறாரா? யார் பார்க்கலாம்? எப்போதிலிருந்து? பிறகு மனம் மாறினால் என்ன செய்வது? இன்னொரு நுட்பமும் உண்டு. பிரெஞ்சுச் சட்டப்படி கடிதத்தாள் அதைப் பெற்றவருக்குச் சொந்தம். அதில் எழுதியிருக்கும் சொல் எழுதியவருக்குச் சொந்தம். ஆகவே ஒருவர் தனக்கு வந்த கடிதத்தை எங்களுக்குத் தரலாம். அதை அச்சிட எழுதியவரிடமோ அவர் வாரிசிடமோதான் கேட்கவேண்டும். 2018 மே முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரோடு இருப்பவரின் அரசியல், மதம், உடல்நலம் பற்றிய தகவல்களுக்குத் தனிக் காவல் கேட்கிறது. எங்கள் கடதாசிகளில் இந்த மூன்றும் இல்லாதது அபூர்வம்.

சட்டம் ஒருபுறமிருக்க, எங்கள் ஆட்களிடம் ஒரு பயமும் இருக்கிறது. அதற்கு நியாயமும் இருக்கிறது. 1994 மே 1 ஆம் திகதி, எழுதவும் பதிப்பிக்கவும் செய்த சபாலிங்கம் பாரிஸ் புறநகரில் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1996 ஒக்ரோபர் 26 ஆம் திகதி விடுதலைப் புலிகளின் நாதனும் ஈழமுரசு ஆசிரியர் கஜனும் பாரிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வெவ்வேறு பக்கத்தில் நின்றவர்கள். எழுத்துக்காக ஆள் கொல்லப்படுவதை இந்த நகரிலும் கண்ட ஒரு தலைமுறையிடம் போய்ப் பழைய துண்டுப்பிரசுரத்தைக் கேட்கிறோம். “உதை வச்சிருந்தால் கேள்வி வரும்” என்று எரித்தவர்கள் எத்தனையோ பேர்.

சேகரத்தில் பக்கம் இல்லை என்பதைச் சொல்லி நம்பவைக்க முடியாது. அடுக்கில் காட்டத்தான் முடியும். ஒரு இயக்கத்தின் மாவீரர் நாள் அழைப்பும், அதே ஆண்டு அதைக் கண்டித்து வந்த அறிக்கையும் எங்கள் பட்டியலில் ஒரே மாதிரியான வரியில், அடைமொழி எதுவும் இல்லாமல் இருக்கும். தலைப்பு, வெளியிட்டவர், திகதி, அளவு, யாரிடமிருந்து வந்தது. துரோகி என்றோ தியாகி என்றோ பட்டியல் சொல்லாது. கடதாசிக்குள் அந்தச் சொல் இருந்தால் அது அப்படியே இருக்கும். ஒரு பக்கத்தின் பத்திரிகையை மட்டும் சேர்த்த அலுமாரி வரலாறு ஆகாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இதற்காக இரண்டு பக்கத்தாரும் என்னோடு மனவருத்தப்பட்டதுண்டு. பிறகு இரண்டு பக்கத்தாருமே பை கொண்டுவந்ததும் உண்டு.

மிகவும் கவனமாகக் கையாள்வது அகதிக் கோப்புகளை. அகதிகள் அலுவலகமான ஒப்ராவுக்குக் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி, மேன்முறையீட்டில் சட்டத்தரணி எழுதியது, நிராகரிப்பு, பிறகு வந்த பத்து வருட விசாவின் பிரதி. 1984 இல் வந்த சட்டத்தால் கிடைத்த அந்தப் பத்து வருட விசாவைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தவர்களை நான் அறிவேன். ஒப்ராவின் கையில் உள்ள கோப்புகளுக்குப் பலத்த காவல் உண்டு. காவல்துறை அவற்றின் விரல்ரேகைத் தரவுகளைப் பார்க்க வழிவிட்ட ஏற்பாட்டை 1997 ஏப்ரலில் அரசியலமைப்புச் சபை நீக்கியது. அடைக்கலம் கேட்டவரின் இரகசியம் அடைக்கல உரிமைக்கு இன்றியமையாத காப்பு என்று அது கண்டது. ஆனால் வீட்டில் இருக்கும் பிரதிக்கு அந்தக் காவல் இல்லை. ஆகவே அதற்கான பூட்டை நாங்கள்தான் போடுகிறோம். அகதிக் கோப்புகளைத் தனியாக மூடிவைக்கிறோம். கொடுத்தவரின் வாழ்நாளில் அவர் அனுமதியின்றி ஆய்வாளருக்கும் காட்டுவதில்லை. அதில் ஊரில் இருப்பவர்களின் பெயரும் இருக்கும். அவர்கள் எங்கள் பத்திரத்தில் கையெழுத்து வைத்தவர்கள் அல்ல.

பட்டியலிடும்போது வரும் பெரிய சிக்கல் பெயர். தமிழில் தகப்பன் பெயரும் தன் பெயருமாக வந்தவருக்கு, பிரெஞ்சுக் கடதாசி குடும்பப் பெயர் கேட்கும். ஏற்கப்பட்ட அகதிக்குப் பிறப்புச் சான்றைக் கொடுப்பதும் ஒப்ராதான்; அங்கே எழுதப்பட்டபடி அவர் பெயர் நிலைத்துவிடும். இதனால் அண்ணனும் தம்பியும் வேறு குடும்பப் பெயரில் இருப்பார்கள். ஒரே ஆள் கடிதத்தில் வீட்டுப் பெயரிலும், சஞ்சிகையில் புனைபெயரிலும், சம்பளத் துண்டில் இன்னொரு எழுத்துக்கூட்டலிலும் இருப்பார். அவற்றை ஒரே ஆளோடு இணைத்து ஒரு பெயர்க் கோப்பு வைக்காவிட்டால் தேடுபவருக்கு மூன்று பேர் தெரிவார்கள். ஆனால் புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் தன்னை வெளியே சொல்ல விரும்பாவிட்டால், அந்த இணைப்பும் பூட்டுக்குள்தான் இருக்கும்.

கணினிக் காலக் கோப்புகளில் வேறொரு சிக்கல். தொண்ணூறுகளில் எங்கள் ஆட்கள் பாமினி எழுத்துருவில் தட்டெழுதினார்கள். இன்றைய கணினியில் திறந்தால் அது ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். கெட்டுப்போனதென்று அழித்துவிடுவார்கள். அது கெடவில்லை, யூனிகோடுக்கு மாற்றினால் கவிதை கவிதையாக வரும். மூலக் கோப்பையும் மாற்றியதையும் இரண்டையும் வைத்திருப்போம்.

பாதுகாப்புப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய. துருப்பிடிக்கும் ஊசியையும் கிளிப்பையும் கழற்றவேண்டும். செலோரேப் ஒட்டவே கூடாது. பிளாஸ்ரிக் பையிலிருந்து எடுத்து அமிலமற்ற உறையில் வைக்கவேண்டும். பதினெட்டுப் பாகை அளவில், ஈரம் ஐம்பது வீதத்தை அதிகம் தாண்டாத இடம் நல்லது, நிலவறை கூடாது. படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதலாம், பேனையால் அல்ல. கடை ரசீது போன்ற வெப்பத்தாள் அச்சு மங்கிவிடும், உடனே பிரதி எடுக்கவேண்டும். வீடியோ நாடாவுக்குத்தான் அவசரம் அதிகம். நாடாக் காலத்தில் பிரான்ஸின் தொலைக்காட்சி முறை செக்காமாக இருந்தது. லண்டனிலும் ஊரிலும் பதிந்த நாடா பால் முறையில் இருக்கும். செக்காம் மட்டும் தெரிந்த கருவியில் போட்டால் நிறமில்லாமல் வரும். பழுது என்று எறிந்துவிடுவார்கள். பூஞ்சணம் பிடித்த நாடாவை ஓடவிட்டால் கருவியும் கெடும், நாடாவும் கிழியும். முதலில் துப்புரவு செய்து, உரிய கருவியில் ஒருமுறை ஓடவிட்டு, அந்த ஒரே ஓட்டத்தில் பதிந்துகொள்வோம்.

சேர்த்ததை எங்கே வைப்பது? யாழ்ப்பாணத்தான் எவனும் இந்தக் கேள்வியை 1981 ஐ நினைக்காமல் கேட்கமாட்டான். 1933 இல் செல்லப்பா என்பவர் தன் வீட்டில் வைத்திருந்த புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது யாழ் பொதுநூலகம். 1981 யூன் 1 ஆம் திகதியை ஒட்டிய இரவில் அது எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத கையெழுத்துகள் அதில் இருந்தன. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நினைவு மலர்களையும் மின்வடிவில் காக்க எழுந்தது இந்த அனுபவத்தின் மேல்தான். எங்கள் விதியும் அதுவே: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்றாவது வேறு ஊரில்.

ஆனால் பிரான்ஸ் தமிழருக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. முதலாம் பிரான்சுவா மன்னன் 1537 இல் இட்ட கட்டளையில் வேர்கொண்ட சட்டப்படி, இந்த நாட்டில் அச்சாவதில் பிரதி தேசிய நூலகத்துக்குப் போகவேண்டும். அது மொழி பார்ப்பதில்லை. லாச்சப்பலில் விற்ற சஞ்சிகைக்கும் அங்கே இடம் உண்டு. அதே தேசிய நூலகத்தில்தான், 19 ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பணிசெய்த எதுவார் ஆரியேல் திரட்டிய தமிழ்ச் சுவடிகள் காக்கப்படுகின்றன. அவர் ஆசைப்பட்டுச் சேர்த்ததால் குறள் பற்றிய ஏடுகளுக்குப் பாரிஸில் இடம் கிடைத்தது. எங்கள் கையெழுத்துச் சஞ்சிகைகளுக்கு அந்த ஆசையை நாங்களே பட்டாக வேண்டும். 2011 இல் திறந்த பூலாக் நூலகம் கீழைமொழி நூல்களை வைத்திருக்கிறது. நாந்தேரில் உள்ள லா கோந்தாம்போரேன், முதல் உலகப் போர்க்காலத்திலிருந்து துண்டுப்பிரசுரங்களையும் சுவரொட்டிகளையும் சேர்த்து வரும் இடம். போர்த் தொரேயில் 2007 இல் திறந்த குடியேற்ற வரலாற்று அருங்காட்சியகம், தனியாட்கள் கொடுத்த பொருட்களை அவரவர் கதையோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்தது. மூலத்தை அரச நிறுவனத்துக்குக் கொடுத்தாலும், பிரதியும் பட்டியலும் சமூகத்தின் கையில் இருக்கவேண்டும் என்பது என் நிலைப்பாடு. அந்த நிறுவனங்களுக்குக் காலநிலை காக்கும் கூடம் இருக்கிறது. படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் யாரென்று சொல்லக்கூடியவர் லாச்சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டிருக்கிறார்.

அவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் அவசரம் எல்லாம். எண்பதுகளில் இருபது வயதில் வந்தவர்கள் இப்போது அறுபதை ஒட்டியோ தாண்டியோ நிற்கிறார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் பலர் தமிழைப் பேசுவார்கள், கையெழுத்தை வாசிக்கச் சிரமப்படுவார்கள். அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தாயின் கடிதத்தை ஒரு வரி தமிழில் வாசித்து அடுத்ததைப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே போனபோது, தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இதை வாசிப்பவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். எங்களிடம் தாருங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. நிலவறையில் இருக்கும் பையை வீட்டுக்குள் ஏற்றுங்கள். இந்தச் சனி ஞாயிறில் அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு படத்தின் பின்னும் பெயரும் ஊரும் ஆண்டும் பென்சிலால் எழுதுங்கள். அவர்கள் சொல்வதைத் தொலைபேசியில் பதிந்து, எந்தப் பைக்கு உரியது என்று குறித்து, பிரதி ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். அந்தப் பை பிறகு எந்தக் காப்பகத்துக்குப் போனாலும் பேசும்.